உண்ண வரும் பறவையை உற்றுப் பார்ப்போம்

காக்கைக்கு ஒரு பிடி சோறு வைத்துவிட்டுப் பிறகு உண்பது என்னும் வழக்கம் தமிழ்நாட்டு இல்லங்களில் எத்தனை தலைமுறையாக இருந்துவருகிறது என்று யாராலும் வரையறுத்துச் சொல்ல இயலாது. ஆனால் அவ்வழக்கத்தில் சோற்றை வைத்தவர் உடனே உள்ளே திரும்பிவிடுவதில்லை என்பது கவனிக்கத்தக்கது. காகம் வந்ததா, வந்தது வாய் வைத்ததா, தன் இனத்தைக் கரைந்து அழைத்ததா என்று சற்று நேரம் நின்று பார்த்த பின்னரே வீட்டாருக்கு இலை போடுவார்கள். நான் வசிக்கும் புனே நகரத்துச் சாங்வியில் மராட்டிய மக்களிடம் இந்த அவதானம் இன்னும் தீவிரமாக இருக்கிறது. மரணம் நிகழ்ந்த பத்தாம் நாள் ஆற்றங்கரையில் பிண்டம் வைத்துக் காகம் அதைத் தொடும்வரை காத்திருக்கிறார்கள். காகஸ்பர்சம் தாமதமானால், காலஞ்சென்றவருடைய மனத்தில் நிறைவேறாத விருப்பம் எது இருந்திருக்கும் என்று உறவினர் ஒருவரையொருவர் வினவி, அதை நிறைவேற்றுவதாக அங்கேயே வாக்குக் கொடுக்கிறார்கள்.

இவ்வழக்கங்களின் தத்துவத்தை விசாரிப்பது என் நோக்கமன்று. உணவை வைப்பவர் உண்ண வரும் ஜீவனுடைய நடத்தையையும் பார்க்கக் கடமைப்பட்டவர் என்ற எண்ணம் அவற்றில் இருக்கிறது. அந்த எண்ணத்துக்காகவே இதை எழுதுகிறேன். முளா நதிக்கும் பவனா நதிக்கும் நடுவே, அவை சங்கமமாகும் இடத்துக்கு அருகில் கிடக்கும் பழைய சாங்வியிலும், அதை ஒட்டி வளர்ந்துவிட்ட புதிய சாங்வியிலும், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கேலரிகளில் தண்ணீர்ச் சட்டியும் தானியத் தட்டும் இல்லாத வீடுகள் இன்று சிலவே. கம்பும் அரிசி நொய்யும் வைக்கிறார்கள். சிட்டுக்குருவியும் சின்னானும் மைனாவும் பச்சைக்கிளியும் வருகின்றன. அழையாமலேயே மாடப்புறாக் கூட்டமும் வருகிறது. காலையில் தட்டை நிரப்பிவிட்டு வேலைக்கு ஓடும் வாழ்க்கையில், வந்த பறவை எப்படி இருந்தது என்று பார்க்க எவருக்கும் அவகாசமில்லை. இடுகிற கை பெருகிவிட்டது, பார்க்கிற கண் குறைந்துவிட்டது என்பதே என் வருத்தம்.

பார்க்கத் தொடங்கியவர்களுக்கு முதலில் நேர்வது வீண் கலவரம். விபரீதமாகத் தோன்றுவதெல்லாம் வியாதி அன்று என்பதைத் தெரிந்துகொள்ளச் சில மாதப் பழக்கம் வேண்டும். மாசி, பங்குனியில் ஆண் ஊதாத் தேன்சிட்டு, நிறுத்தி வைத்த காரின் பக்கக் கண்ணாடியைப் பொழுதெல்லாம் கொத்திக்கொண்டிருப்பதைக் கண்டு அதற்குப் பித்துப் பிடித்துவிட்டதென்று சொல்வோர் உண்டு. உண்மையில் அது தன் எல்லைக்குள் நுழைந்துவிட்ட பகைவனாகத் தன் பிம்பத்தையே எண்ணிப் போரிடுகிறது, கண்ணாடியின்மேல் ஒரு துணியைப் போர்த்தினால் போர் அப்போதே ஓய்ந்துவிடுகிறது. சித்திரை வெயிலில் காகம் அலகைத் திறந்தபடி தொண்டை துடிக்க உட்கார்ந்திருப்பது, வியர்வைச் சுரப்பி இல்லாத பிராணி தன் உடற்சூட்டைத் தணித்துக்கொள்ளும் உபாயம். தவிட்டுக்குருவி ஒன்று தரையில் சிறகை விரித்து, கழுத்தைச் சாய்த்து, செத்ததுபோல் கிடந்து, அருகே சென்றவுடன் பறந்துவிடுமானால் அது வெயில் காய்ந்துகொண்டிருந்தது என்றே கொள்ள வேண்டும். எறும்புகளை அலகால் பற்றித் தன் இறகுகளில் தேய்த்துக்கொள்ளும் பறவைகளும் உண்டு. அப்படித் தேய்ப்பது ஒட்டுண்ணிகளை ஓட்டுவதற்காகத்தானா என்ற கேள்வியை 1936-ஆம் ஆண்டிலேயே பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் சஞ்சிகையில் ஸாலிம் அலி எழுப்பினார். அவ்விவாதம் இன்றுவரை முற்றுப்பெறவில்லை. உடம்பெல்லாம் புள்ளியிட்ட அந்நியக் குஞ்சு ஒன்றுக்குக் காகம் இரையூட்டுகிறதே என்று வியப்பவர்களுக்குக் குயிலின் கதையைச் சொன்னால் போதும்.

நோயின் லட்சணங்கள் வேறு. கூட்டம் பறந்த பின்னும் ஒன்று மாத்திரம் தங்கிவிடும். நடுப்பகலில், குளிர் இல்லாதபோதும், இறகை உப்பிக்கொண்டு உருண்டையாக அமர்ந்திருக்கும். கையெட்டும் தூரத்துக்கு நாம் போனாலும் அஞ்சாது. அவ்வாறு அஞ்சாதிருப்பதை நம்மிடம் கொண்ட நேசமென்று மகிழ்கிறவர்களை அடிக்கடி காண்கிறேன். அவர்களுடைய நெஞ்சின் ஈரத்தை நான் மதிக்கிறேன். ஆனால் காட்டுயிர் ஒன்று திடீரென்று மனிதனைக் கண்டு ஒதுங்காமலிருப்பது பெரும்பாலும் அதற்கு ஒதுங்கச் சக்தியில்லை என்பதற்கே அடையாளம். வீங்கி ஒட்டிக்கொண்ட கண், எச்சிலால் நனைந்த அலகு, விழுங்க முயன்று முயன்று உதறும் தொண்டை, ஒரு பக்கம் தொங்கும் சிறகு ஆகியவையும் அவ்வகையைச் சேர்ந்தவையே.

சென்ற குளிர்காலத்தில் எங்கள் மாடிக் கைப்பிடிச் சுவரில் வந்து அமர்ந்த ஒரு மாடப்புறாவை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அதன் கழுத்து, யாரோ திருகிவிட்டதுபோல் முறுக்கிக்கொண்டு, உச்சந்தலை கீழாகவும் தாடை மேலாகவும் திரும்பியிருந்தது. அந்த நிலையிலேயே அது கம்பு மணியைக் குறிவைத்துக் கொத்தியது; அலகு மணிக்கு ஓர் அங்குலம் அப்பால் சிமெண்டில் போய் மோதியது. மறுபடியும் கொத்தியது, மறுபடியும் தப்பியது. பிறகு நிலைதடுமாறி நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றி, சுவரோடு ஒட்டி நின்று, கண்ணை மூடிக்கொண்டது. அதைச் சுற்றிலும் மற்றப் புறாக்கள் அதே தட்டில், அதன் பச்சை நிற நீர்த்த எச்சத்தை மிதித்துக்கொண்டு, வழக்கம்போல் தின்றுகொண்டிருந்தன. அடுத்த வீட்டு ஆஜி தம் கேலரியிலிருந்து பார்த்துவிட்டு, "பாவூ, த்யாலா சக்கர் யேத்தேய்" என்றார். அதற்குத் தலை சுற்றுகிறதாம். சொல்லிவிட்டு, பாவம், அதற்கு ஒரு மணிகூட அகப்படவில்லையே என்று இன்னும் ஒரு பிடி தானியத்தை அள்ளிக்கொண்டு வந்தார்.

அந்த மூதாட்டியின் கையைத் தடுப்பது எளிதாக இல்லை. "ஆஜி, இப்போது தட்டை எடுத்துவிடுவதுதான் மற்றப் புறாக்களுக்கு நாம் செய்யும் உபகாரம்" என்று எனக்குத் தெரிந்த மராட்டியில் எடுத்துச் சொன்னேன். பசித்த வாயிலிருந்து உணவைப் பறிப்பது எப்படி உபகாரமாகும் என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. புறாக்களின் கழுத்தை இப்படி முறுக்கிவிடும் வைரஸ், தமிழ்நாட்டில் கோழி வளர்ப்போர் வெள்ளைக்கழிச்சல் என்றும், கால்நடை மருத்துவர்கள் ராணிக்கேத் நோய் என்றும் அழைக்கும் வைரஸின் புறா வகை. 1927-இல் இமயமலைச் சாரலிலுள்ள ராணிக்கேத்தில் கோழிகளிடையே கண்டறியப்பட்டதால் அப்பெயர் வந்தது. நோயுற்ற பறவையின் எச்சத்தாலும் வாய்நீராலும் அது பரவுகிறது. ஒரே தட்டில் அதிகத் தலைகள் குனியக் குனிய, ஒரு பறவையின் நோய் ஒரு கூட்டத்தின் நோயாகிறது. இதை ஆஜியிடம் சொன்னபோது அவர் தானியத்தைத் தம் முந்தானையிலேயே முடிந்துகொண்டு, புறாவை மூடிவைக்க ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தார். கையுறை அணிந்து, ஒரு பழந்துணியால் அதை மூடி எடுத்து வைத்தோம். மாலையில் பிராணி மீட்புத் தொண்டர்கள் வந்து பெட்டியோடு எடுத்துச் சென்றார்கள். தனியே வைத்து ஊட்டினால் இத்தகைய புறாக்கள் சில வாரங்களில் தேறுவதும் உண்டு என்று அவர்கள் சொன்னார்கள்.

உணவுத் தட்டே நோய்க்கு வாசலாகிறது என்பது என் சொந்தக் கற்பனையன்று. 1994-ஆம் ஆண்டு அமெரிக்காவின் வாஷிங்டன் நகரை அடுத்த பகுதிகளில், வீட்டுத் தோட்டங்களில் தானியம் வைத்த சாமானிய மக்களே, செந்நிற மார்புடைய ஒருவகைச் சிறு பறவையின் கண்கள் வீங்கி மூடியிருப்பதை முதலில் கண்டார்கள். கோழிகளைப் பிடிக்கும் ஒரு கிருமி காட்டுப் பறவைக்குத் தாவிவிட்டது என்பது அதன்பின் தெரியவந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் கூடம் அம்மக்களையே கூட்டி, எந்தத் தோட்டத்தில், எந்த மாதத்தில், எத்தனை பறவைக்குக் கண் கெட்டிருந்தது என்று எழுதி அனுப்பச் செய்தது. ஒரு கண்டத்தின் குறுக்கே நோய் நகர்ந்து சென்ற பாதை அந்தக் குறிப்புகளால் புலப்பட்டது. பிரிட்டனில் 2005-இலிருந்து பச்சைநிறப் பைஞ்சிட்டுகளைத் தொண்டை நோய் ஒன்று வாரிக்கொண்டு போனது. புறாக்களிடம் இருந்துவந்த ஓர் ஒற்றையணு ஜீவியே அதற்குக் காரணம். நனைந்த தானியமும் கழுவாத தண்ணீர்த் தொட்டியும் அதற்கு ஊர்தியாயின. ஒரு காலத்தில் தோட்டந்தோறும் காணப்பட்ட அப்பறவை 2021-இல் அந்நாட்டின் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

பறவையின் நடத்தையைப் பார்த்து எழுதுவதன் அவசியத்துக்கு நம் தேசத்திலேயே இதைவிடப் பெரிய சாட்சியம் இருக்கிறது. ராஜஸ்தானத்துப் பரத்பூரில் கேவலாதேவ் பூங்காவின் பாறு கழுகுகளை 1980-களில் கணக்கெடுத்திருந்த விபு பிரகாஷ், அடுத்த பத்தாண்டில் மீண்டும் அதே மரங்களின் அடியில் நின்றபோது, எஞ்சியிருந்த பறவைகள் கழுத்தைத் துவளத் தொங்கவிட்டபடி அசையாமல் நெடுநேரம் அமர்ந்திருப்பதையும், அவ்வாறு அமர்ந்திருந்தவை பின்னர் இறந்து விழுவதையும் கண்டு எழுதி வைத்தார். 1999-இல் அது அச்சேறியது. மாடுகளுக்கு வலி தீரக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்னும் மருந்து, செத்த மாட்டின் மாமிசத்தோடு கழுகின் வயிற்றுக்குள் சென்று சிறுநீரகத்தைக் கெடுத்தது என்பது 2004-இல் நிரூபணமாயிற்று. 2006-இல் கால்நடைகளுக்காக அம்மருந்தைத் தயாரிப்பது இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அதற்குள், 1992-இல் ஆயிரம் வெண்முதுகுப் பாறுகள் இருந்த இடத்தில் 2007-இல் ஒன்றே எஞ்சும் நிலை வந்துவிட்டது. தமிழ்நாட்டில் அவற்றை இன்று காண வேண்டுமானால் நீலகிரிக்குக் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும். கழுத்துத் துவண்டிருந்தது என்ற அந்தக் குறிப்பு இன்னும் ஐந்தாண்டு முன்னதாக, இன்னும் பத்து ஊர்களிலிருந்து வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்ற எண்ணம் என்னை விடுவதில்லை. கிராமத்துத் தோல் உரிப்போரும் மாடு மேய்ப்போரும் கழுகுகளை அன்றாடம் பார்த்தவர்களே. அவர்களைக் கேட்டு எழுதிக்கொள்ள ஒருவரும் இல்லை.

கேட்டு எழுதிக்கொண்டபோது நேர்ந்த நன்மைக்கும் இந்தப் புனே நகரமே சாட்சி. இன்று தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம் என்று வழங்கும் ஸ்தாபனம் 1952-இல் இங்கே தோன்றியது. 1957-இல் மைசூர் ராஜ்யத்து ஷிமோகா மாவட்டத்தில் கியாசனூர்க் காட்டோரத்தில் குரங்குகள் செத்துக் கிடப்பதையும், அதே காலத்தில் மனிதருக்குக் கொடிய ஜுரம் காண்பதையும் அவ்வூர் மக்கள் சேர்த்துச் சொன்னார்கள். அச்சொல்லை மதித்துப் புனேயிலிருந்து சென்ற விஞ்ஞானிகள் உண்ணியால் பரவும் ஒரு புதிய வைரஸைக் கண்டுபிடித்தார்கள். அக்காட்டின் பெயரே இன்று அந்நோயின் பெயர்.

பறவைகளின் காரியத்தில் நமக்கு இன்னும் அணுக்கமான இடம் ஒன்று உண்டு. சாங்வியிலிருந்து முளா நதிப் பாலத்தைக் கடந்தால் ஔந்த். அங்கே மேற்குப் பிராந்திய நோய் கண்டறியும் ஆய்வுக்கூடம் இருக்கிறது. இந்தியாவில் பறவைக் காய்ச்சல் முதன்முதலில் உறுதிசெய்யப்பட்டது 2006 பிப்ரவரியில், இதே மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில். 2025 ஜனவரியில் லாத்தூர் மாவட்டத்து உத்கீரில் காகங்கள் திடீரென்று விழுந்து இறந்தபோது மாதிரிகள் பரிசோதனைக்குச் சென்று, போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தில் எச்5என்1 வைரஸ் என்று உறுதியாயிற்று. ஆகவே நிபுணர்களுக்கும் கூடங்களுக்கும் நமக்குக் குறைவில்லை. குறை, முதல் கண்ணுக்கும் அந்தக் கூடத்துக்கும் இடையே இருக்கிறது. என் மாடியில் கழுத்து முறுக்கிய புறா இருந்த அன்று நான் தொலைபேசியில் அழைத்த ஓர் அலுவலகத்தில், செத்த பறவையாக இருந்தால் தெரிவியுங்கள் என்றார்கள். மற்றொன்றில், கோழிப்பண்ணையா என்று கேட்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. உயிரோடிருக்கும் ஒரு பறவை வழக்கத்துக்கு மாறாக நடந்தது என்று எழுதிக்கொள்ள அவர்களுக்கு ஓர் ஏடு கொடுக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

வனத்துறைக்கு 1926 என்றும், கால்நடை மருத்துவ உதவிக்கு 1962 என்றும் எண்கள் இருக்கின்றன. ஓர் உயிரை மீட்க அவை பயன்படும். நான் வேண்டுவது வேறு. பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சி வார்டு தோறும் ஒரு பதிவேட்டை வைத்து, எந்தத் தெருவில், எந்தப் பறவை, என்ன லட்சணத்தோடு காணப்பட்டது என்று குடிமக்கள் சொல்வதை ஒரு வரியில் எழுதிக்கொண்டு, வாரம் ஒருமுறை ஆற்றுக்கு அப்பாலுள்ள ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரு வீட்டில் கண்ட ஒரு புறா ஒன்றையும் நிரூபிக்காது. ஒரே வாரத்தில் சாங்வியிலும் தாபோடியிலும் பிம்பளே குரவிலும் அதே லட்சணம் எழுதப்பட்டால், பறவைகள் கொத்துக் கொத்தாக விழுவதற்கு முன்பே நிபுணர்கள் வந்துவிடலாம்.

பறவைகளை எண்ணுவதில் நம் மக்கள் காட்டும் சிரத்தை இதற்கு நல்ல அடிப்படை. 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் நான்கு நாட்களிலும் பறவைக் கணக்கெடுப்பு நடந்துவருகிறது. 942 இனங்களை மதிப்பிட்ட 2023-ஆம் ஆண்டின் இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை, ஏறக்குறைய 30,000 பறவை ஆர்வலர்களின் குறிப்புகளைக் கொண்டே எழுதப்பட்டது. எது, எத்தனை என்று எழுதுகிற அந்தக் கைகள், எப்படி இருந்தது என்றும் சேர்த்து எழுதலாகாதா? அரை நூற்றாண்டுக்கு நெருங்கிய காலம் பத்திரிகையில் இயற்கைக் குறிப்புகள் எழுதிவந்த நம் மா. கிருஷ்ணன், அபூர்வப் பறவையைத் தேடி அலைவதைவிட, அண்டையிலுள்ள காகத்தையும் அணிலையும் தொடர்ந்து பார்ப்பதற்கு எவ்வளவு மதிப்பளித்தார் என்பதை அவரைப் படித்தவர்கள் அறிவார்கள்.

உணவிடுவதையே நிறுத்திவிடலாமே என்று கேட்போர் இன்று பெருகியிருக்கிறார்கள். 2025 ஜூலையில் மும்பையின் 51 கபூதர்கானாக்களை, அதாவது புறாக்களுக்குத் தானியம் இடும் பொது இடங்களை, மூட அரசு பணித்ததும், தாதரில் அவற்றுள் ஒன்றை மூடப் போட்ட தார்ப்பாயை ஆகஸ்டில் எதிர்ப்பாளர்கள் கிழித்தெறிந்ததும், புறா எச்சத்தால் நுரையீரல் நோய் வருவது குறித்து உயர்நீதிமன்றத்தில் நடந்த வாதங்களும் புதிய செய்திகள் அல்ல. என் அபிப்பிராயத்தில், மாடப்புறாக் கூட்டத்துக்கு மூட்டை மூட்டையாகத் தானியம் கொட்டுவது தர்மமுமன்று, பறவைக்கு ஹிதமுமன்று. கோடையில் தண்ணீர் வைப்பதோ யாராலும் குறைகூற முடியாத காரியம். ஆனால் அச்சட்டியைத் தினமும் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்த பின்னரே மறுபடி நிரப்ப வேண்டும். சிறு பறவைகளுக்கு ஒரு வேளையில் தின்று தீரும் அளவே வைக்கலாம். நோயுற்ற ஒன்றைக் கண்டால், ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து தட்டைக் கழுவி, இரண்டு வாரமாவது எதையும் வைக்காமலிருக்க வேண்டும். வெறுங்கையால் தொடக் கூடாது. குழந்தைகளை அருகே விடக் கூடாது.

வருகிற பித்ருபட்சத்தில், தமிழர் மஹாளய அமாவாசைக்காகக் காத்திருக்கும் அதே பதினைந்து நாட்களில், சாங்வியின் நதிக்கரைகளிலும் மொட்டை மாடிகளிலும் காகங்களுக்கு இலை இலையாக உணவு வைக்கப்படும். ஆண்டில் வேறெப்போதும் இல்லாத அளவுக்கு அத்தனை கண்கள் ஒரே நேரத்தில் காகத்தின் வரவை நோக்கியிருக்கும். மாநகராட்சி அந்தப் பதிவேட்டை அப்போதே தொடங்கலாம். படித்துறை தோறும் ஒரு பலகை நாட்டி, சிறகு தொங்குவதும் கண் வீங்குவதும் கழுத்து முறுக்குவதும் எப்படியிருக்கும் என்று படத்தோடு மராட்டியிலும் இந்தியிலும் எழுதி, அதன் கீழே அழைக்க வேண்டிய எண்ணைக் குறிக்கட்டும். அதையே தமிழிலும் எழுதித் தரும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.